வேப்பர்வேரும் இலவங்காயும்

வேப்பர்வேர்: பெயர்ச்சொல். வரப்போகிறது என்று ஊரறிய அறிவிக்கப்பட்டு, சொன்ன காலத்தில் வராமல், ‘கைவிட்டோம்’ என்ற ஒரு வரி அறிவிப்புகூடப் பெரும்பாலும் இல்லாமல் காணாமல் போகும் மென்பொருள், கருவி அல்லது சேவை. முதலில் மென்பொருளை மட்டும் குறித்தது. இன்று கைபேசி, மின்கார், இணைய இணைப்பு என்று அறிவிப்பு மட்டுமே கண்ட எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் இந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அது குறிக்கும் பொருளோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்கள் அவர்கள். மேல்மலையில் ‘டவர்’ என்றால் கைபேசிக்குக் கிடைக்கும் அலை. ‘டவர் எடுக்கவில்லை’, ‘வளைவு தாண்டினால் டவர் வரும்’ என்பவை இங்கே வானிலை பேசுவதைப் போல அன்றாடப் பேச்சு. பத்திரிகையில் வரும் தொழில்நுட்பச் செய்தி ஒவ்வொன்றையும் மக்கள் இந்த டவரை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

மன்னவனூரில் ஒரு வீட்டின் பின்புறம் பேரிக்காய் மரம் ஒன்று இருக்கிறது. அதன் கிளையில் ஆள் தலை உயரத்தில் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் உறை ஒன்று கட்டித் தொங்குகிறது. கைபேசியை அந்த உறைக்குள் போட்டு வைத்தால்தான் குறுஞ்செய்தி இறங்கும். பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு என்ன விலைக்குப் போகிறது என்பது அந்த வீட்டுக்குப் பேரிக்காய் மரத்தின் வழியாகத்தான் தெரியவருகிறது. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி சேவை தொடங்கப்பட்டது. சில மாதங்களில் மலை முழுவதும் வந்துவிடும் என்று கைபேசிக் கடையில் சொன்னதை நம்பி, அந்த வீட்டுப் பெரியவர் பூண்டு விற்ற பணத்தில் 5ஜி கைபேசி வாங்கினார். புதுக் கைபேசியும் அதே பால் பாக்கெட் உறைக்குள்தான் போகிறது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் ‘பாரத் 6ஜி’ தொலைநோக்கு ஆவணம் வெளியாயிற்று. 2030ஐ இலக்காக வைத்த ஆவணம் அது. தேநீர்க் கடையில் அந்தச் செய்தியை ஓர் இளைஞர் உரக்கப் படித்தபோது பெரியவர் சொன்னார்: “குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030இல்தான் பூக்கும். 6ஜியும் 2030 என்கிறார்கள். எது முதலில் பூக்கிறது என்று பார்ப்போம், தம்பி. நான் குறிஞ்சியின் பக்கம்.” கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வயிற்றெரிச்சலும் கலந்திருந்தது. தொழில்நுட்பச் செய்திக்கு மலைக்காரர்கள் காட்டும் எதிர்வினை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். ‘வேப்பர்’ என்பது நீராவியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘வேர்’ என்பது சரக்கு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். இரும்புச் சாமான்களுக்கு வழங்கிய ‘ஹார்டுவேர்’ கணினியின் உடலுக்குப் பெயராயிற்று. அதையொட்டி ‘சாஃப்ட்வேர்’ பிறந்தது. அந்த வரிசையில் வந்த குறும்புக்காரப் பிள்ளைதான் வேப்பர்வேர்.

பிறந்த கதையிலும் ஒரு காத்திருப்பு உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஆன் வின்பிளாட் என்ற பெண்மணி கணக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். அவருடைய சரக்குகளில் சில, மைக்ரோசாஃப்டின் ‘ஜீனிக்ஸ்’ இயங்குதளத்தை நம்பியிருந்தன. ஜீனிக்ஸ் தொடருமா, நிற்குமா என்று மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களிடமே கேட்டார். ‘அது வேப்பர்வேர்தான்’ என்ற பொருளில் ஒருவர் பதில் சொன்னாராம். வின்பிளாட் இதைக் கணினித் துறைச் செய்தி மடல் ஒன்றை நடத்திவந்த எஸ்தர் டைசனிடம் சொல்ல, டைசன் 1983 நவம்பரில் அந்த மடலில் அந்தச் சொல்லை அச்சேற்றினார். நல்ல யோசனைகள் அரைகுறையாக நிறைவேறுவது என்று அவர் அதற்கு விளக்கம் தந்தார். மிக மென்மையான விளக்கம் என்பது என் எண்ணம். அதே மாதம் 10ஆம் தேதி அறிவிக்கப்பட்ட விண்டோஸ், 1985 நவம்பர் 20 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. அந்தத் தாமதத்தைக் கிண்டல் செய்து ‘இன்ஃபோவேர்ல்டு’ இதழின் ஆசிரியர் ஸ்டூவர்ட் ஆல்சாப், பில் கேட்ஸுக்குத் ‘தங்க வேப்பர்வேர்’ விருது கொடுத்தார். சொல் ஊரெங்கும் பரவியது அதன் பிறகே.

சொல் புதிது என்றாலும் வழக்கம் பழையது. கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் 1960களில் அன்றைய உலகின் மிக வேகமான கணினியை விற்றுக்கொண்டிருந்தது. போட்டி நிறுவனமான ஐபிஎம் அதை விஞ்சும் இயந்திரம் தன்னிடம் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தது. வாங்க இருந்தவர்கள் ‘கொஞ்சம் பொறுப்போம்’ என்று கையை மடக்கிக்கொண்டார்கள். 1968இல் கன்ட்ரோல் டேட்டா வழக்குத் தொடுத்தபோது, அந்த இயந்திரங்களைக் காகித இயந்திரங்கள் என்றும் மாயக் கணினிகள் என்றும் குற்றம் சாட்டியது. 1973இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ‘காகித இயந்திரம்’ என்று படித்தவுடன் நமக்கு ஏட்டுச் சுரைக்காய் நினைவுக்கு வருகிறது. அது கறிக்கு உதவாது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் இன்று அந்தப் பழமொழி அனுபவமில்லாத படிப்பைச் சுட்டுவதிலேயே நிலைத்துவிட்டது. அதை இங்கே இழுத்துவந்தால் பொருள் தடுமாறும்.

இனித் தமிழ்ச் சொல். நேர் மொழிபெயர்ப்பாக ‘ஆவிப்பொருள்’ என்றோ ‘ஆவிமென்பொருள்’ என்றோ சொல்லலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆவி என்றால் நீராவி மட்டுமன்று. உயிர், மூச்சு, இறந்தவரின் பேய் என்று பல பொருள் அதற்கு உண்டு. ‘ஆவிமென்பொருள்’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் பேய்க்கதை என்றே நினைப்பார். பழனி மலைத்தொடரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. சங்க காலத்தில் பொதினி எனப்பட்ட பழனியை ஆண்டவர்கள் ஆவியர் குடியினர். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் அந்தக் குடியில் வந்தவன். மலையடிவாரத்துத் திருவாவினன்குடி என்ற பெயரில் அந்த ஆவி இன்றும் இருக்கிறது. வராத சரக்குக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

‘கானல்பொருள்’ பரவாயில்லை. கானல் நீர் என்ற வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் கானலை யாரும் திட்டமிட்டு உண்டாக்குவதில்லை, வெயிலும் மணலும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுகின்றன. வேப்பர்வேரில் மேடை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, பேசுகிறவர் ஒருவர் உண்டு. அந்தப் பேச்சுக்குத் தமிழில் அச்சு அசலான சொல் ஏற்கெனவே இருக்கிறது: வாய்ப்பந்தல். கால் நடாமல், கீற்று வேயாமல், வாயாலேயே போடும் பந்தல். அறிவிக்கும் செயலைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ‘வாய்ப்பந்தல் போடுகிறார்கள்’ என்றால் மேல்மலையிலும் புரியும், மதுரையிலும் புரியும்.

ஆனால் வாய்ப்பந்தல் பேசுகிறவரை மட்டுமே காட்டுகிறது. காத்திருப்பவரும் அதில் தெரிய வேண்டும். அதற்குத்தான் இலவு காத்த கிளி.

கொடைக்கானலிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கினால் குளிர் விட்டு வெயில் தொடங்கும் அடிவாரத்தில் இலவ மரங்களைப் பார்க்கலாம். தேனி மாவட்டத்து மலையடிவாரங்களில், குறிப்பாகப் போடிநாயக்கனூர் பக்கத்தில், இலவம்பஞ்சு பெரிய வணிகம். காய் ஒரு சாண் நீளம் இருக்கும். இரண்டு முனையும் கூம்பி, நடுவில் பருத்து, பச்சைப் பசேல் என்று கொத்துக் கொத்தாகத் தொங்கும். பார்த்தால் பழுத்துச் சாறு வடியப்போகும் காய் போலவே தோன்றும். பங்குனி, சித்திரை வெயிலில் பச்சை மாறிப் பழுப்பாகும், தோல் மரக்கட்டை போல இறுகும். பிறகு நெடுக வெடிக்கும். உள்ளே சதை இல்லை. பட்டுப் போன்ற பஞ்சும் மிளகளவு கறுத்த விதைகளும்தான். பழுக்கும் என்று கிளையில் உட்கார்ந்திருந்த கிளியின் கண்ணெதிரிலேயே பஞ்சு காற்றில் பறந்துபோகும்.

பழமொழியைச் சொல்லும்போது கிளியின் ஏமாற்றத்தோடு நிறுத்திவிடுகிறோம். மரத்துக்காரரைக் கேட்டால் கதையின் மறுபாதி கிடைக்கும். அந்தக் காய் வீணாகவில்லை. பறிக்கிறார்கள், உடைக்கிறார்கள், விதை நீக்குகிறார்கள், பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறது. எதுவும் கிடைக்காமல் போனது கிளிக்கு மட்டும்தான்.

ஆங்கிலச் சொல்லைவிட நம் உவமை கூர்மையாக இருப்பது இந்த இடத்தில்தான். நீராவி என்று சொன்னால் எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. உண்மையில் அறிவிப்பு யாரோ ஒருவருக்கு மெத்தையாகிறது. போட்டியாளரின் சரக்கு தேங்கும், பங்குச் சந்தையில் விலை ஏறும், முதலீடு வரும், பழைய கையிருப்புக் கைபேசிகள் ‘எதிர்காலத்துக்கு ஏற்றவை’ என்ற பெயரில் விற்றுத் தீரும். மன்னவனூர்ப் பெரியவர் கொடுத்த பூண்டுக் காசு ஆவியாகவில்லை, ஒரு கல்லாப் பெட்டிக்குள் போயிருக்கிறது. 1995இல் அமெரிக்க நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்க்கின், மைக்ரோசாஃப்டுக்கும் அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டை ஏற்க மறுத்தபோது கவலையோடு சுட்டிய விஷயங்களில் வேப்பர்வேர் வழக்கமும் ஒன்று. அதை ஏமாற்று வேலை என்றே அவர் கருதினார். மேல்முறையீட்டில் அவருடைய முடிவு மாற்றப்பட்டது வேறு கதை. நஷ்டம் யாருக்கு, லாபம் யாருக்கு என்று பார்க்க ஒரு நீதிபதிக்குத் தோன்றியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே, அறிவிக்கும் செயலுக்கு வாய்ப்பந்தல் என்றும், அறிவித்து வராமல் போன பொருளுக்கு இலவங்காய் என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. செய்தித்தாளுக்கு ‘இலவங்காய் அறிவிப்பு’ என்ற தொடர் பொருந்தும்.

ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். தாமதமானதெல்லாம் இலவங்காய் அன்று. இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் சொல் வெறும் வசையாகிவிடும். பெரியவர் குறிஞ்சியின் பக்கம் நின்றதில் நியாயம் இருக்கிறது: பன்னிரண்டு ஆண்டு என்றால் பன்னிரண்டு ஆண்டு, 2006க்குப் பிறகு 2018. நேரமாகும், ஆனால் பூக்கும். நாட்டின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோக 2011இல் ஒப்புதல் பெற்ற திட்டம் சொன்ன காலத்தில் முடியவில்லை. ஆனாலும் பல ஊர்களில் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அதைத் தாமதம் என்று கண்டிக்கலாம், இலவங்காய் என்று சொல்லக்கூடாது. 1997இல் அறிவிக்கப்பட்ட ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ என்ற கணினி விளையாட்டு, வேப்பர்வேருக்கே முன்மாதிரி என்று உலகம் கேலி செய்த பிறகு 2011இல் வந்துவிட்டது. அதையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். மாறாக, ஆப்பிள் நிறுவனம் 2017 செப்டம்பரில் மேடையில் காட்டிய ‘ஏர்பவர்’ மின்னேற்றி 2019 மார்ச்சில் கைவிடப்பட்டது. அது இலவங்காய். கைவிட்டதை வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

6ஜி? இப்போதைக்கு அது காய். பழுக்குமா, வெடிக்குமா என்பது 2030இல் தெரியும். செய்தியைப் படிக்கும்போதே தரம் பிரிக்க வேண்டும் என்றால், விற்பனைத் தேதியும் விலையும் அதில் இருக்கின்றனவா, அறிவித்தவர் அல்லாத ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். மலையூர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: எந்த ஊர் வரை? ‘தமிழ்நாடு முழுவதும்’ என்ற சொற்றொடர் பெருமாள்மலை வளைவைத் தாண்டுகிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வழங்கும் முறை: ‘அந்த நிறுவனம் சொன்ன மடக்குக் கைபேசி இலவங்காயாகிவிட்டது.’ ‘அடுத்த மாதம் டவர் என்று மூன்றாவது முறையாக வாய்ப்பந்தல் போட்டிருக்கிறார்கள்.’ ‘இலவங்காய் அறிவிப்பை நம்பிப் பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள்.’ எழுதும்போது ஒரு கவனம் தேவை. இலவம் என்ற மரப்பெயரோடு காய் சேர்ந்து இலவங்காய் ஆகிறது. இலவங்கம் என்பது கிராம்பு. மளிகைப் பட்டியலில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.