கேள்வித்தாளை முதலில் எழுதுங்கள், லெக்சரைக் கடைசியில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளில் செமஸ்டர் திறக்கும் வாரம் கோர்ஸ் பைல் தயாராகும். சிலபஸில் ஐந்து யூனிட், அதனால் ஐந்து சிஓ (கோர்ஸ் அவுட்கம், அதாவது பாடம் முடியும்போது மாணவருக்கு வந்திருக்க வேண்டிய திறன்). ஒவ்வொன்றும் "மாணவர் புரிந்துகொள்வார்" என்றே முடியும். சிஓவுக்கும் பிஓவுக்கும் (புரோகிராம் அவுட்கம், முழுப் பட்டப்படிப்பின் இலக்கு) எவ்வளவு தொடர்பு என்று அட்டவணையில் 1, 2, 3 போடும்போது சந்தேகம் வந்தால் 3. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வு வரும்வரை அந்தப் பைலை யாரும் திறப்பதில்லை.

புரிந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது, செய்வதைப் பார்க்கலாம். ஆகவே சிஓவில் செயல் இருக்கட்டும். வகுப்பிலும் தேர்விலும் மாணவர் அதே செயலைச் செய்யட்டும். கல்வியாளர் ஜான் பிக்ஸ் 1996இல் எழுதிய கட்டுரையின் சாரம் ஏறக்குறைய இதுதான்.

பின்னலாடைத் துணித் தரம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. "ஜிஎஸ்எம் பற்றி அறிவார்" என்பதை "பனியன் துணியின் ஜிஎஸ்எம்மை அளந்து, ஆர்டருக்கு ஏற்கலாமா என்று காரணத்தோடு முடிவு செய்வார்" என்று மாற்றுங்கள். அடுத்து எழுத வேண்டியது இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் தேர்வு) கேள்வி: ஆர்டர் 180 ஜிஎஸ்எம், 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். ஜிஎஸ்எம் கட்டரில் வெட்டிய ஐந்து துண்டுகளின் எடை 1.68, 1.71, 1.70, 1.66, 1.70 கிராம். ஏற்பீர்களா?

கட்டர் வெட்டுவது 100 சதுர செ.மீ. வட்டம், எடையை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். சராசரி 169. கீழ் எல்லை 171, ஆக ஏற்க முடியாது. இதோடு நின்றால் அது வெறும் கணக்கு. லூப் (பின்னலின் ஒரு கண்ணி) நீளம் கூடியதா, காம்பாக்டிங்கில் (துணியை நீளவாக்கில் நெருக்கிச் சுருக்கும் வேலை) துணி அகலமாக இழுபட்டதா, உலர்ந்துபோன துணியை அப்படியே வெட்டினார்களா என்று யோசித்து எழுதும்போதுதான் அது முடிவெடுப்பது. பாதி மதிப்பெண்ணை அதற்கு வையுங்கள். "ஜிஎஸ்எம் கட்டரைப் படம் வரைந்து விளக்குக" என்று கேட்டால் கே2 (ப்ளூம் வரிசையில் "புரிந்துகொள்ளுதல்" என்ற இரண்டாம் படி) தாண்டாது. அந்த மார்க்கை இந்த சிஓவின் கணக்கில் சேர்த்தால் அடைவு சதவீதம் அழகாக வரும், ஆனால் பொய்.

வகுப்புச் செயல்பாடு சறுக்குவது பெரும்பாலும் நேரக் கணக்கில். 60 பேர், நான்கு பேர் குழு என்றால் 15 குழு. கட்டர் ஒன்றுதான். குழுவுக்கு 5 நிமிடம் வைத்தாலும் 75 நிமிடம். 50 நிமிட பீரியடில் அடங்காது. இரண்டு பீரியடைச் சேர்த்து எடுங்கள். காத்திருக்கும் குழுக்கள் சும்மா நிற்காமல் அதே துணியில் 100 லூப் நூலைப் பிரித்து, சுருக்கம் நீங்க நேராக்கி அளக்கட்டும். 29 செ.மீ. வந்தால் லூப் நீளம் 2.9 மி.மீ. ஜிஎஸ்எம் குறைந்ததற்கான காரணம் அங்கே கையில் கிடைக்கலாம். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். துணி ஓரத்தில் வெட்டக் கூடாது. கட்டர் பிளேடு மழுங்கியிருந்தால் துணி இழுபட்டு எடை மாறும். முந்தின நாளே பார்த்து மாற்றிவிடுங்கள். துணிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் போதும். வட்டம் விழுகிற அளவு துண்டாகப் பார்த்துக் கேளுங்கள்.

இவ்வளவும் முடிவான பிறகு லெக்சருக்கு வாருங்கள். இந்தச் சோதனைக்கு முன்னால் மாணவருக்கு எது தெரியாமல் முடியாதோ அது மட்டும். ஒரு பீரியட் தாராளம். மூன்று கிரெடிட் பாடத்தின் 45 மணி நேரத்தை ஐந்து சிஓவுக்கும் ஒன்பது ஒன்பதாகப் பங்கு பிரிக்காதீர்கள். வரையறை மட்டும் கேட்கும் சிஓவுக்கு ஐந்து மணி போதும். மிச்சத்தை இந்த ஜிஎஸ்எம் சிஓவுக்குக் கொடுங்கள்.

முதல் இன்டர்னல் விடைத்தாளில் கணக்கு சரி, காரணம் காலி என்று பலர் எழுதியிருந்தால் லெக்சரைத் திரும்ப எடுக்க வேண்டாம். வேறொரு துணியைக் கொடுத்து இன்னொரு முறை வெட்டச் சொல்லுங்கள்.