லெகார்ன் ஏன் அடை படுப்பதில்லை?

சிறுவிடை என்ற நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும், ஒருநாள் கூட்டைவிட்டு எழ மறுக்கும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். குஞ்சு பொரிக்க அடைக்கு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதே கொட்டகையில் வளரும், முட்டைக்கென்றே வளர்க்கப்படும் இனமான வெள்ளை லெகார்னோ முட்டையை இட்டுக் கொக்கரித்துவிட்டு மேயப் போய்விடும்.

இதைப் பார்த்து லெகார்னைப் பாசமில்லாத கோழி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வித்தியாசம் மூளையில் இருக்கிறது. வயிற்றின் அடியில் முட்டைகள் படப்பட, மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் வி.ஐ.பி. என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. அது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, இரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கருவகம் சுருங்கி முட்டையிடுவது நின்றுபோகும், பசியும் அடங்கும். அடிவயிற்று இறகு உதிர்ந்து, உடற்சூடு நேராக முட்டைக்குப் போகும். 1935-இல் அமெரிக்க உயிரியலாளர் ஆஸ்கார் ரிடில் குழுவினர் முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளுக்குப் புரோலாக்டின் ஊசி போட்டே அடை படுக்க வைத்தார்கள்.

லெகார்னின் உடலிலும் புரோலாக்டின் உண்டு. அடைக்குத் தள்ளும் அளவுக்கு ஏறுவதில்லை. அடை படுத்த கோழி, முட்டை பொரியும்வரையான 21 நாளும், குஞ்சு வளர்க்கும் வாரங்களும் முட்டையிடாது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டையோடு நிற்க இதுவே பெரிய காரணம். இடைவிடாமல் இட்ட கோழிகளின் வாரிசுகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது, அடை படுக்கும் குணம் தானாகக் கழிந்துவிட்டது. இன்று லெகார்ன் 300 முட்டை வரை இடுகிறது. குஞ்சு பொரிக்க இன்குபேட்டர் இருக்கிறது. இந்தக் குணத்தை ஒரே மரபணு தீர்மானிப்பதில்லை, பல சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அதனால்தான் கலப்பினக் கோழிகளில் சில பாதியில் எழுந்துபோய் முட்டைகளைக் கூமுட்டையாக்கிவிடும்.

அடையைக் கலைக்க மூக்கில் இறகைச் செருகுவது சில ஊர்களில் வழக்கம். வீண் வதை அது, விட்டுவிடுங்கள். கம்பிவலைத் தளம் போட்ட கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து, வெளிச்சத்தில் சில நாள் விட்டாலே போதும். வயிற்றில் எதுவும் படாமல் கீழிருந்து காற்றும் பட, புரோலாக்டின் இறங்கிவிடும்.

வாத்து முட்டையை அடை வைத்தால் 28 நாளும் அதே சிறுவிடை அசையாமல் படுத்திருக்கும். அது நாளை எண்ணுவதில்லை. குஞ்சின் குரலும் அசைவும்தான் அதன் உடலை அடையிலிருந்து வளர்ப்புக்கு மாற்றுகின்றன.