பல்பு பாவம், எர்த்தைப் பாருங்க

சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு விடியக்காலை நாலு மணிக்கு ஏறும்போது ஹெட்லைட் ஒண்ணு கண்ணை மூடிச்சுன்னா எப்படி இருக்கும்னு அதுல ஓட்டினவங்களுக்குத்தான் தெரியும், அது ரோடே இல்ல, தண்ணி வத்தின ஓடை. எங்க பழைய ஜீப்புல போன மழைக்காலத்துல வலது லைட்டு மூணு தடவை மக்கர் பண்ணுச்சு. முதல் ரெண்டு தடவை நிஜமாவே பல்பு ப்யூஸ் போயிடுச்சு. மூணாவது தடவை புது பல்பு போட்டும் அகல்விளக்கு மாதிரி மஞ்சளா எரியுது. போடிமெட்டு மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு, "பல்பு கடைக்கு மொய் எழுதிகிட்டே இருக்கியே தம்பி, எர்த்தைப் பாத்தியா?"ன்னாரு.

ப்யூஸ் போன கதைய முதல்ல சொல்லிடறேன். நம்ம எச்4 பல்புக்குள்ள டங்ஸ்டன் இழை ரெண்டு, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. எரியும்போது அது 2,800 டிகிரி செல்சியஸ் பக்கம் போகுது, அந்த சூட்டுல டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். உள்ள இருக்கிற ஹாலஜன் வாயு அந்த ஆவிய புடிச்சு திரும்ப இழைகிட்டயே கொண்டு போய் விட்டுடும், ஆனா கிளம்பின இடத்துலயே விடாது, அதனால எங்கயாவது ஒரு இடம் மெலிஞ்சுகிட்டே வந்து ஒரு நாள் குலுங்குற குலுக்கல்ல அறுந்துடும். இந்த வேலை நடக்க கண்ணாடி 250 டிகிரிக்கு மேல சூடா இருக்கணும், அதான் குவார்ட்ஸ்ல செய்றாங்க. நான் அதுல கிரீஸ் கையோட அமுக்கி மாட்டியிருக்கேன்! கழட்டிப் பாத்தா என் கைரேகை வெள்ளையா பொரிஞ்சு அப்படியே இருக்கு. எண்ணெய் பட்ட இடத்துல சூடு ஏறி குவார்ட்ஸ் கெட்டுப் போயிடும். துணியால புடிங்க. அப்புறம் வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், இன்ஜின் ரேஸ் பண்ணும்போது பேட்டரியில 15 வோல்ட்டைத் தாண்டுச்சுன்னா வோல்டேஜை கட்டுக்குள்ள வைக்கிற ரெகுலேட்டரைத்தான் பாக்கணும்.

இப்ப மஞ்சள் வெளிச்சம். பேட்டரியில இருந்து கரண்டு பல்புக்குப் போனா மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேணும். ஜீப்புல அந்த வழி பாடிதான், அதைத்தான் எர்த்னு சொல்றது. அண்ணன் லைட்டை எரிய விட்டுகிட்டே மீட்டரை வச்சாரு: பேட்டரியில 12.4, பல்பு ஹோல்டர்ல 10.3. பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முள்ளு, ஹோல்டரோட எர்த் பின்னுல ஒரு முள்ளு வச்சா 1.6 காட்டுது, அங்க ஏறக்குறைய சைபர்தான் வரணும். லைட்டை அணைச்சுட்டு அளந்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே நடிக்கும், கரண்டு ஓடினாத்தான் திருட்டு தெரியும்.

ரெண்டு வோல்ட்டுதானேன்னு தோணும். வோல்டேஜ் 17 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட பாதி போயிடும், ஏன்னா இழை சூடு குறைஞ்சதும் கண்ணுக்குத் தெரியுற ஒளிதான் முதல்ல சுருங்கும்.

எர்த் போல்ட்டைக் கழட்டினா செம்புக் குடம் மாதிரி பச்சையா களிம்பு, அடியில துரு. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, வயர் நுனியில போல்ட்டுக்கு மாட்டுற வளையம், அதான் லக்கு, புதுசு போட்டு இறுக்கி, மேல வாஸ்லின் தடவினாரு. 1.6 காட்டின இடத்துல 0.1. மிச்சமிருந்த அரை வோல்ட் சுவிட்சு பக்கம் போகுது, அதுக்கு ஒரு ரிலே, அதாவது சின்ன கரண்டால பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்சு, போட்டாச்சு, இப்ப பல்போட முழு கரண்டு பேட்டரியில இருந்து ப்யூஸ் வழியா நேரா வருது. இத விட்டுட்டு 100 வாட் பல்பு மாட்டுறவங்க ஹோல்டர் உருகினதும் வந்து நிப்பாங்க.

மறுநாள் பெருமையில பிரைட்டைப் போட்டேன், மேல மூடுபனி, எதிர்ல வெள்ளைச் சுவரு. தண்ணித்துளி பட்டு வெளிச்சம் நம்ம முகத்துலயே திரும்புது. டிம் இழைக்குக் கீழ மட்டும் குட்டியா ஒரு தகடு இருக்கும், வெளிச்சம் மேல போகாம மறைக்க. டிம்முல போட்டுகிட்டு ரெண்டாவது கியர்ல உருட்டிகிட்டே ஏறினேன்.