ஊசியை எப்போது நீட்டுவது: குடல் கிருமிகளின் கணக்கு

நோய் உண்டாக்கும் கிருமி எந்நேரமும் நோய் உண்டாக்கிக்கொண்டே இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் ஆயுதங்கள் பெரும்பாலான நேரம் உறையிலேயே கிடக்கின்றன. காரணம், செலவு. சால்மோனெல்லா என்ற குடல் பாக்டீரியா நம் குடல் செல்லுக்குள் தன் புரதங்களைச் செலுத்த ஒரு நுண்ணிய ஊசியைக் கட்டுகிறது. அதைக் கட்டுகிற பாக்டீரியா, கட்டாததைவிட மெதுவாகத்தான் பெருகும். இடம் தெரியாமல் ஊசியை நீட்டினால் போட்டியில் பின்தங்கிவிடும்.

ஊசிக்கான மரபணுக்கள் பரிணாமத்தின் போக்கில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஏ, டி என்ற இரண்டும் அவற்றில் அதிகம். எச்-என்எஸ் என்ற புரதம் இந்த அடையாளத்தை வைத்தே அவற்றைப் பிடித்து, செயல்படாமல் அமுக்கி வைக்கிறது. குடலின் சூழல் சாதகமாக அமையும்போது ஹில்-டி என்ற புரதம் அந்தப் பிடியை மீறி ஹில்-ஏ மரபணுவை எழுப்பும். ஹில்-ஏ ஊசி மரபணுக்களை எழுப்பும். பித்தநீரும், பெருங்குடலில் நம் சொந்த பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமும் இந்த எழுச்சியைத் தணிக்கின்றன.

செல்லுக்குள் நுழைந்தபின் நிலைமை வேறு. அங்கே பாக்டீரியா அடைபடும் பையில் அமிலம் கூடுகிறது. பாக்டீரியாவின் சவ்விலுள்ள ஃபோ-கியூ என்ற உணரி இதை அறிந்து ஃபோ-பி என்ற புரதத்துக்குச் சொல்ல, முதல் ஊசி ஓய்ந்து, உள்ளே பிழைத்திருக்க உதவும் இரண்டாவது ஊசி தயாராகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வேறு. குடலில் இருக்கும் எல்லா சால்மோனெல்லாவும் முதல் ஊசியைக் கட்டுவதில்லை. மரபணுக்கள் ஒன்றாகவே இருந்தும் ஒரு பகுதி மட்டுமே கட்டுகிறது. அவை திசுவுக்குள் புகுந்து அழற்சியைக் கிளப்புகின்றன, பல அங்கேயே அழிகின்றன. ஆனால் அந்த அழற்சியில் டெட்ராதயோனேட் என்ற கந்தகச் சேர்மம் உருவாகிறது. ஆக்சிஜனுக்குப் பதிலாக அதை வைத்துச் சுவாசிக்க சால்மோனெல்லாவால் முடியும். குடலின் மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றால் முடியாது. அப்புறம் என்ன, ஊசி கட்டாமல் வெளியே இருந்த உடன்பிறப்புகள் செழித்துப் பெருகுகின்றன.

காலரா கிருமியின் கணக்கோ வேறு. விப்ரியோ காலரே தன் இனம் எத்தனை திரண்டிருக்கிறது என்பதை, அவை வெளியிடும் வேதிப்பொருளின் அளவை வைத்து அறிகிறது. கூட்டம் சிறியதாக இருக்கும்போது டாக்ஸ்-டி என்ற புரதம் நஞ்சு மரபணுக்களை இயக்குகிறது. கூட்டம் பெருத்தால் ஹாப்-ஆர் என்ற இன்னொரு புரதம் தலையெடுத்து அவற்றை அடக்கிவிடும். குடலைவிட்டு வெளியேற அது வசதி.

இந்தப் பொத்தான்களைத் தெரிந்துகொண்டால், கிருமியைக் கொல்லாமலே அதன் ஆயுதத்தை முடக்கலாம். 2005இல் வெளியான ஆய்வில் விர்ஸ்டாட்டின் என்ற சிறு மூலக்கூறு டாக்ஸ்-டியைத் தடுத்தது. அது கொடுக்கப்பட்ட எலிக்குட்டிகளின் குடலில் காலரா கிருமியால் சரியாகக் குடியேற முடியவில்லை. மருந்தாக இன்னும் வரவில்லை என்றாலும், கொல்லும் மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவரும் இந்தக் காலத்தில் விடாமல் தேட வேண்டிய வழி இது.