டிஸ்ட்ரெஸ்: மன உளைச்சல்

புற்றுநோயாளிகளின் மனநலத்தை ஆராயும் கட்டுரைகளிலும், குழந்தைப் பேற்றை எதிர்நோக்கியிருக்கும் தாய் தந்தையரின் மனநலத்தை ஆராயும் கட்டுரைகளிலும் அடிக்கடி தென்படும் சொல் டிஸ்ட்ரெஸ். இதைப் பலரும் 'மன அழுத்தம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் ஆகிய இரண்டையும் ஏற்கெனவே சுமந்து தள்ளாடும் சொல்லின் தலையில் மூன்றாவது பொருளையும் ஏற்றுவது முறையன்று.

இதன் வேர் 'டிஸ்ட்ரிங்கெரே' என்னும் இலத்தீன் வினை. இரு பக்கமும் இழுத்துப் பிரித்தல் என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வாடகை பாக்கிக்காகக் குடியிருப்பவரின் சாமான்களை ஜப்தி செய்வதற்கும் சட்டத்தில் இதே பெயர்தான். சென்னைக்கும் பொருந்திய 1882ஆம் ஆண்டின் சிறுவழக்கு நீதிமன்றச் சட்டத்தில் இந்தத் தலைப்பிலேயே ஓர் அத்தியாயம் உண்டு.

புற்றுநோய்த் துறையிலோ இச்சொல் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் தலைமையில் அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு ஒன்று அமைத்த குழு, 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 'மனநோய்' என்றோ 'உளவியல் கோளாறு' என்றோ கேட்டால் கூசும் நோயாளியும் கூச்சமின்றி ஒப்புக்கொள்ளக்கூடிய சொல் என்பதற்காகவே இதை ஏற்றது. இயல்பான துக்கம், பயம் தொடங்கி, ஆளையே முடக்கும் மனச்சோர்வு, பீதி வரை நீளும் முழு வரிசையையும் அது குறிக்கிறது. அதை அளக்கத் தாளில் ஒரு வெப்பமானிப் படத்தைத் தந்து, கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை வட்டமிடச் சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு விசாரிப்பார்கள்.

ஆகவே தமிழிலும் புதிதாக ஆக்கிய சொல்லைவிட, நோயாளியின் வாயில் தானாக வரும் சொல்லே இங்கு வேண்டும். அது 'மன உளைச்சல்'. நாள் முழுக்க நின்றவர் 'கால் உளையுது' என்பார். வயிற்றுக் கடுப்புக்கு வயிற்றுளைச்சல் என்ற பெயர் உண்டு. உடலின் விடாத குடைச்சலைச் சொன்ன சொல்லே மனத்துக்கும் வந்திருக்கிறது. அழுத்தம் வெளியிலிருந்து வருவது, உளைச்சல் உள்ளிருந்து குடைவது. இந்த வேறுபாடும் இச்சொல்லுக்கே சாதகம். மேலே சொன்ன வெப்பமானிப் படத்தை 'உளைச்சல்மானி' எனலாம்.

பேறுகால ஆய்வில் இன்னொரு நுட்பம் தேவைப்படுகிறது. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தூக்கம் கெடுவது இயல்பு. அதை மட்டும் வைத்து உளைச்சலை முடிவு செய்ய முடியாது. 1987இல் வெளியாகி, பின்னர் தமிழிலும் பெயர்க்கப்பட்ட, பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ வினாத்தாளின் பத்து வினாக்களில் ஒன்று, தூக்கம் வரவில்லையா என்று கேட்பதில்லை. தூக்கம் வராத அளவுக்கு மனம் வருந்தினீர்களா என்றே கேட்கிறது.

பிரசவ அறையில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே 'ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ்' என்பது வயிற்றிலுள்ள குழந்தைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் இதயத்துடிப்பு மாறுவது போன்ற நிலை. தமிழில் அது 'சிசு இடர்நிலை'. தெளிவற்ற தொடர் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பே அதைத் தவிர்க்கச் சொல்லியும் வழக்கு ஒழியவில்லை. ஒரே தாயின் மருத்துவக் குறிப்பில் இரண்டு டிஸ்ட்ரெஸ்ஸும் வரக்கூடும் என்பதால், அது தாயுடையதா சிசுவுடையதா என்று பார்த்த பிறகே மொழிபெயர்ப்பவர் பேனாவைத் திறக்க வேண்டும்.