பாடகரின் குரல் எங்கே போகிறது? சின்ன இசைக் கிளப்பில் ஒலி இயங்கும் விதம்

இசைக் கிளப்புக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. டிரம்ஸ் அதிர்கிறது, கிட்டார் அலறுகிறது, பாடகரின் வாய் அசைகிறது. குரல் மட்டும் வந்து சேரவில்லை. கூட்டத்தில் ஒருவர் ஒலியைக் கலக்கும் கருவியான மிக்ஸரில் நிற்பவரைப் பார்த்து ‘மைக்கைக் கூட்டு’ என்று சைகை காட்டுகிறார். அவரும் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை மேலே தள்ளுகிறார். அடுத்த நொடி ஸ்பீக்கர் ‘கூ...’வென்று ஊளையிட, எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஃபேடர் பழைய இடத்துக்கே இறங்குகிறது.

ஆயிரக்கணக்கான வாட் ஆம்ப்ளிஃபயர் இருந்தும் நூறு பேர் நிற்கும் அறையில் ஒரு குரலைக் கேட்கவைக்க முடியவில்லை என்றால், குறை வாட்டில் இல்லை. மேடையில் இருக்கிறது, அறையில் இருக்கிறது. கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் இங்கே பெரிய வேலை.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். மேடையில் ஒரு டிரம் செட். ராக் இசைக்கு அடிக்கும் அடியில், சில மீட்டர் தள்ளி நிற்பவருக்கே அது 100 டெசிபலை எளிதாகத் தாண்டும், மைக் எதுவும் வைக்காமலே. சத்தமாகப் பாடும் குரலோ 1 மீட்டரில் பெரும்பாலும் 85, 90 டெசிபல் அளவில்தான் இருக்கும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு. ஆக அந்த இரவின் சத்தத்தை முடிவு செய்கிறவர் மிக்ஸரில் நிற்பவர் அல்ல, டிரம்மர். டிரம்ஸை யாராலும் ஃபேடரில் இறக்க முடியாது. குரல்தான் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும்.

ஏறவிடாமல் தடுப்பது ஃபீட்பேக். டென்மார்க் இயற்பியலாளர் ஸோரன் லார்சனின் பெயரால் இதை ‘லார்சன் விளைவு’ என்றும் சொல்வார்கள். மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கரில் வெளியே வந்து, காற்று வழியாக மீண்டும் அதே மைக்கில் நுழைகிறது. ஒரு சுற்று முடியும்போது கிளம்பிய அளவைவிடக் குறைந்து வந்தால் அது தானாக அடங்கிவிடும். குறையாமல் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வளர்ந்து, ஆம்ப்ளிஃபயரின் எல்லையைத் தொடும்வரை நிற்காது. எல்லா அதிர்வெண்ணும் ஒன்றாகக் கூவுவதில்லை. சுற்றி வரும் அலை கிளம்பிய அலையோடு முகடுக்கு முகடு பொருந்துகிற அதிர்வெண்களில், எது முதலில் எல்லையைத் தாண்டுகிறதோ அது கூவும். ஊளை ஒரே சுரமாகக் கேட்பது அதனால்தான்.

இந்த எல்லைக்குள் குரலை உயர்த்த மிக மலிவான வழி, வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். 20 சென்டிமீட்டரில் இருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல், அதாவது ஆற்றலில் பதினாறு மடங்கு. ஊளைச் சுற்று ஒரு துளியும் கூடாமல் இது கிடைக்கிறது. நெருங்கும்போது தாழ்ந்த ஒலி புடைக்கும். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்தினால் சரியாகும்.

அடுத்தது மைக்கின் செவிட்டுப் பக்கம், அதாவது அது ஒலியை மிகக் குறைவாகப் பிடிக்கும் திசை. 1966ல் வந்து இன்றும் மேடை மேடையாக நிற்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும்) மைக்குக்குச் செவிடு நேர் பின்னால், 180 பாகையில். எனவே பாடகர் தன் குரலைக் கேட்பதற்காகத் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் வாலைப் பார்த்து இருக்க வேண்டும். முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக் அப்படி அல்ல. அதன் செவிடு சுமார் 125 பாகையில், இரண்டு பக்கமும் சாய்வாக இருக்கிறது. நேர் பின்னால் அதற்குக் கொஞ்சம் காது கேட்கும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை நகர்த்தாமல் விட்டால், நேற்று அமைதியாக இருந்த மேடை இன்று ஊளையிடும்.

இந்தச் செவிட்டுப் பக்கம் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இன்னொரு தவறும் புரியும். வலைத் தலைக்குக் கீழே, மைக்குக்குள், பின்புறத் துளைகள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் ஒலி அந்தத் துளைகள் வழியாகச் சற்றுச் சுற்றிப்போய் சவ்வின் மறுபக்கத்தைத் தள்ளுகிறது. முன்பக்க அழுத்தமும் பின்பக்க அழுத்தமும் ஒரே நேரத்தில் சமமாக வந்து சேர, சவ்வு அசைவதில்லை. பாடகர் ஸ்டைலுக்காக வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் அந்தத் துளைகள் அடைபடுகின்றன. மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்குகிறது. மூடிய கைக்குள் சிறு குகை உண்டாகி நடு அதிர்வெண்களும் முழங்குகின்றன. ஊளைக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. ஊளை வந்ததும் பதறிப்போய் மைக்கைக் கையால் மூடுகிறார்கள். அது நெருப்பில் எண்ணெய். கைப்பிடியை மட்டும் பிடித்து, மைக்கை வாய்க்கு நெருக்கமாக வைக்க வேண்டும்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முந்தைய இடைவெளியில் 3 டெசிபல் போய்விடும். யாரும் பாடாத மூன்று மைக்குகளை அணைத்து, நான்கை ஒன்றாக்கினாலே 6 டெசிபல் திரும்பக் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாடகரைப் பார்க்கும் மைக், பாடகருக்குப் பின்னால் உள்ள டிரம்ஸையும் பார்க்கிறது. குரலைக் கூட்டினால் சிம்பலும் சேர்ந்து கூடும். எனவே பாடகரை டிரம்ஸுக்கு நேர் முன்னால் நிறுத்தாமல் ஓரமாக நகர்த்துவது நல்லது. டிரம்மருக்குக் குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கொடுக்கலாம். ஸ்னேர் டிரம்மின் தோலில் சிறு ஜெல் துண்டு ஒட்டலாம். கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தால் அதன் கூர்மையான ஒலி கிட்டாரிஸ்ட்டின் முழங்காலைத் தாண்டி நேராக முன்வரிசைக்குப் போகிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் மேலும் கூட்டுவார். ஆம்பைப் பின்னால் சாய்த்து அவர் காதைப் பார்க்க வைத்தால் தானாகவே குறைப்பார். சண்டையில்லாமல் மேடையை அடக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில், மானிட்டர் ஊளையிடாதபடி தயார்படுத்தும் முறை இது. பாட்டு எதுவும் இல்லாமல் குரல் மைக்கைத் திறந்து, மெதுவாகக் கூட்டுங்கள். முதல் ‘உய்’ எழும்போது அதன் அதிர்வெண்ணை 31 பட்டை ஈக்யூவில் (அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) கண்டுபிடித்து 3 முதல் 6 டெசிபல் வரை வெட்டுங்கள். மீண்டும் கூட்டி, அடுத்ததைப் பிடியுங்கள். நான்கைந்து இடத்தோடு நிறுத்துவது முக்கியம். பத்து இடத்தில் வெட்டினால் ஊளையோடு குரலின் உயிரும் போய்விடும். மொத்தச் சத்தத்தைக் குறைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

அறை பேசும் பேச்சு

1895ல் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் ஒரு விரிவுரை அறையின் எதிரொலியைச் சரிசெய்யப் பணிக்கப்பட்டார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஓர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி எளிது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை மொத்தமாக ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம் கிடைக்கும்.

நம் அறையின் கன அளவு 384 கன மீட்டர். சுவரும் தரையும் சேர்ந்து 40 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சினால் நேரம் 1.55 நொடி. நூறு பேர் உள்ளே வந்து, ஆளுக்கு அரை சதுர மீட்டர் உறிஞ்சினால் பரப்பு 90 ஆகிறது, நேரம் 0.69 நொடிக்கு இறங்குகிறது. காலியான அறையில் சவுண்ட் செக் செய்து ‘ரொம்பக் கூர்மையாக இருக்கிறது’ என்று உயர் அதிர்வெண்களை வெட்டியவர், கூட்டம் வந்ததும் திகைப்பது இதனால்தான். உடைகளும் உடல்களும் உயர்ந்த ஒலியை விழுங்கிவிட, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். தாழ்ந்த ஒலியைக் கூட்டம் அவ்வளவு விழுங்குவதில்லை. ஆக, நிரம்பிய அறையில் மிஞ்சுவது முழக்கம். டென்மார்க்கின் 20 ராக் அரங்குகளை ஒப்பிட்டு 2010ல் வெளியான ஆய்வும், நல்ல அரங்கையும் மோசமான அரங்கையும் பிரிப்பது 125 ஹெர்ட்ஸ் அருகிலான முழக்கம் என்றே காட்டியது.

அந்த முழக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை, ஒரு அலை, ஒன்றரை அலை எனச் சரியாகப் பொருந்தும் ஒலிகள் அசையாமல் நின்றுவிடும். 4 மீட்டர் உயரத்தில் அரை அலை பொருந்துவது சுமார் 43 ஹெர்ட்ஸில். 8 மீட்டர் அகலத்தில் ஒரு முழு அலை பொருந்துவதும் 43ல். 12 மீட்டர் நீளத்தில் ஒன்றரை அலை பொருந்துவதும் அதே 43ல். அளவுகள் 1:2:3 என்று அழகாக அமைந்ததால் மூன்று நிலையலைகளும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. பேஸ் கிட்டாரின் கீழ் எஃப் சுரம் 43.65 ஹெர்ட்ஸ். பேஸிஸ்ட் அந்தச் சுரத்தைத் தொட்டதும் அறையே எழுந்து பாடும். பக்கத்துச் சுரங்கள் சாதுவாகப் போகும். தாழ்ந்த ஒலி தன்னைவிட உயர்ந்த ஒலியை மறைக்கும் இயல்புடையது, தலைகீழாக அவ்வளவு நடப்பதில்லை. குரலின் அடிப்பகுதி இந்தச் சேற்றில் புதைகிறது.

நிலையலை சுவரோரம் உச்சத்தில் இருக்கும், சில இடங்களில் காணாமலே போகும். நம் அறையின் நீளத்தில் அந்தப் பள்ளங்கள் 2, 6, 10 மீட்டரில். அகலத்தில் இரு சுவரிலிருந்தும் 2 மீட்டரில். உயரத்தில் நடுவே, 2 மீட்டரில். மிக்ஸரைப் பின்சுவரிலிருந்து 2 மீட்டர், பக்கச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தால், அங்கே நிற்பவரின் காது மூன்று பள்ளங்களுக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருக்கும். அவருக்கு எஃப் கேட்பதே இல்லை. பேஸைக் கூட்டுவார். சுவரோரப் பாரில் சாய்ந்து நிற்பவரின் நெஞ்சுக்கூடு அதிரும். சவுண்ட் செக்கில் பேஸிஸ்ட்டை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, அறை முழுக்க ஒருமுறை நடந்துவிட்டு வந்தால் இந்தத் தவறு நேராது.

சுவரில் ஒட்டும் 5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு இதற்கு உதவாது. 43 ஹெர்ட்ஸில் காற்று வேகமாக அசைவது சுவரிலிருந்து கால் அலை தூரத்தில், அதாவது 2 மீட்டர் தள்ளி. ஸ்பாஞ்சோ அசையாத காற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பலகையே அதிர்ந்து ஆற்றலை விழுங்கும் தகட்டு உறிஞ்சிகள் வேண்டும். செலவில்லாத வழி, தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கராகிய சப்ஊஃபரை நகர்த்துவது. மூலையில் வைத்த சப் எல்லா நிலையலைகளையும் எழுப்பும். இரண்டு சப்களையும் பக்கச் சுவர்களிலிருந்து 2 மீட்டர் உள்ளே, அகலத்தின் பள்ளங்களிலேயே வைத்தால், அகல நிலையலை ஏறக்குறைய எழாது. எங்கே கேட்காதோ அங்கிருந்து எழுப்பவும் முடியாது.

ஸ்பீக்கர்கள் டிரம்ஸுக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால், அவற்றுக்கு 6 மில்லிநொடி தாமதம் கொடுங்கள். ஒலி மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மில்லிநொடி எடுக்கும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும் என்று 1949ல் ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் காட்டினார். தாமதம் கொடுத்தபின் இசை ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வராமல் மேடையிலிருந்து வருவதாகத் தோன்றும்.

‘ம்ம்ம்’ என்ற மின் இரைச்சல் கேட்டால், பெரும்பாலும் இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த் ஆகியிருக்கும். இசைக்கருவியை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள், இல்லையெனில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். ஆம்பின் பிளக்கில் உள்ள எர்த் முனையை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். பழுதான ஆம்பின் மின்சாரம் கிட்டார் கம்பியில் ஏறியிருக்க, அதை வாசித்தபடி பாடுபவரின் உதடு மைக்கின் உலோக வலையைத் தொட்டால் உயிர் போகலாம்.

பாரும் காதும்

சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911ல் எழுதிய இந்த விளைவு பாரில் ஒவ்வோர் இரவும் நடக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே போடும் பின்னணி இசை சத்தமாக இருந்தால் பேச்சும் உயரும். அடுத்த பாட்டு அந்தப் பேச்சின்மேல் ஏற வேண்டும். இடைவேளை இசையை 6 டெசிபல் இறக்கினால் அறையே தணியும், பாடகருக்கும் இடம் கிடைக்கும்.

காதுக்குள் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. இறந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்கப் பணியிட நல நிறுவனமான நியாஷின் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022ல் இசை அரங்குகளுக்கு வைத்த உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். அந்த அளவில் இரண்டு மணி நேரக் கச்சேரி, நியாஷ் கணக்கில் ஒரு நாளைக்கு உரியதைப்போல் எட்டு மடங்கு. காதின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்திய (‘ஏ’ எடையிட்ட) இந்த அளவு தாழ்ந்த பேஸைக் குறைத்தே கணக்கிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இசைக்கென்றே செய்த, எல்லா அதிர்வெண்ணையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைக்கும் செருகிகள் இருந்தால் பாட்டு மங்காது. ஸ்பாஞ்சு செருகிதான் இருக்கிறது என்றால், மெல்லிய குச்சிபோல் உருட்டுங்கள். மறுகையைத் தலைக்குமேல் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தபடி உள்ளே செருகி, 30 நொடி விரலால் பிடித்திருங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை மூடித் திறந்து பாருங்கள். சத்தம் பெரிதாக மாறினால் செருகி சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி உருட்டுங்கள்.