துணைப்பாடம் சொல்லித்தர வரும் தொண்டூழியர்களுக்கு

பணி ஓய்வு பெற்ற பொறியாளர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள் என்று பலர் சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர முன்வருகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஆசிரியராகவும் தொண்டூழியராகவும் நான் தொடர்ந்து பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. பலர் தாங்கள் படித்த பள்ளியை நினைவில் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பள்ளி இப்போது இல்லை.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். அண்ணனிடம் தங்கையைப்போல் மூன்று மடங்கு பணம், இருவரிடமும் சேர்த்து 84 வெள்ளி. தங்கையிடம் எவ்வளவு? தொண்டூழியர் உடனே 'எக்ஸ்' போட்டுச் சமன்பாடு எழுதிவிடுவார். தொடக்கநிலை 4 மாணவி பள்ளியில் கற்றதோ கட்டம் வரையும் மாடல் முறை. தங்கைக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு மூன்று. நான்கு கட்டங்களுக்கு 84 என்றால் ஒன்றுக்கு 21. 1980களில் இங்கேயே உருவான முறை இது. இயற்கணிதம் அவளுக்குத் தொடக்கநிலை 6இல்தான் வரும். நம் வழியில் விடை சரியாக வந்தாலும், மறுநாள் வகுப்பில் அவளால் அதைத் தனியாகச் செய்ய முடியாது. "உங்க டீச்சர் இதை எப்படிச் செஞ்சாங்க?" என்று முதலில் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேர்வு முறையும் மாறிவிட்டது. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் என்ன என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தத் தேர்வு 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிகளின் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டுவிட்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ 2021 முதல், மதிப்பெண்ணை வரம்புகளாகப் பிரிக்கும் அடைவுநிலை முறையில் நடக்கிறது. 45 முதல் 64 வரை எடுத்தால் ஆறாம் அடைவுநிலை. 46இலிருந்து 63க்கு ஏறிய பிள்ளையின் அடைவுநிலை மாறவே மாறாது. இது தெரியாத தொண்டூழியர் சோர்ந்துபோவார், பிள்ளையையும் சோர வைப்பார். தெரிந்தவர், பதினேழு மதிப்பெண் ஏறியதைச் சொல்லிப் பாராட்டுவார். உயர்நிலைப் பள்ளிகளிலும் 2024இல் சேர்ந்தவர்கள் முதல் எக்ஸ்பிரஸ், நார்மல் (அகாடமிக்), நார்மல் (டெக்னிக்கல்) என்ற பழைய மூன்று பிரிவுகள் கிடையாது. 'நார்மல்' பிள்ளையா என்று கேட்பதை விட்டுவிடுங்கள், சரியா?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. எத்தனை முறை சொல்லித்தந்தாலும் எழுத்துகளை மாற்றி மாற்றி வாசிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதை முடிவு செய்வது தொண்டூழியர் வேலையில்லை. கவனித்ததை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் போதும். தொடக்கப்பள்ளிகளில் 3, 4ஆம் நிலைகளுக்கு இதற்கென்றே வாசிப்புப் பயிற்சி இருக்கிறது. பெற்றோர் பலருக்கு அது தெரியாது.

இதையெல்லாம் கற்க எங்கே போவது? கல்வி அமைச்சின் பாடத்திட்டங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மாணவர் படிக்கும் நிலைக்கு உரியதை மட்டும் ஒரு மாலையில் புரட்டிவிடலாம். 1991 முதல் இயங்கும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற அமைப்பு வழியாகப் போனால், தனியாகத் தடுமாற வேண்டியதில்லை.

முறையாகப் படிக்க விரும்பினால், பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை இருக்கிறது. 25 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்குக் கிடைக்கும் முதல் 500 வெள்ளி காலாவதியாகாது. 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி உண்டு, ஆனால் அது தேர்ந்தெடுத்த சில பயிற்சிகளுக்கு மட்டும்தான். கட்டணம் கட்டுமுன் எந்தத் தொகையை எந்த வகுப்புக்குப் பயன்படுத்தலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.